ஆடு புலி ஆட்டம்: நடைவழியில் கற்ற ஒரு பாடம்

இளையோர்க்கான பாடம் என்றால் விரதங்களையும் பாவனைகளையும் தீர்த்தங்கரர் வரலாற்றையும் எழுதுவதே மரபு. இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். இதனைப் படிப்போர் சிலர், விளையாட்டுக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். நாமும் அவ்வாறே வினவியவர்தாம். வினவியதோடு நில்லாமல் அவசரப்பட்டு ஒரு பிழையும் செய்தோம். அப்பிழையே இப்பாடத்திற்குக் காரணம்.

நடையும் நான்கு முழமும்

சென்ற தை மாதத்தில் ஆர்யிகா மாதாஜி ஒருவர் தாம்பரத்தில் சில நாட்கள் தங்கியருளிப் பின்னர் திருப்பருத்திக்குன்றம் நோக்கி விஹாரம் செய்தார். திகம்பரத் துறவியர் வாகனம் ஏறுவதில்லை, காலணி அணிவதில்லை, கதிரொளி நன்கு பரவிய பின்னரே அடியெடுத்து வைப்பர். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சி நகரை அடையும் அவ்வழி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தொலைவு. நடையில் அது நான்கு நாள் வழி. முதல் இரண்டு நாட்கள் உடன் செல்லும் பேறு நமக்கும், தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பகுதிகளில் வாழும் சில குடும்பத்தார்க்கும், அவர்தம் பிள்ளைகள் நால்வர்க்கும் கிட்டியது.

புறப்படுமுன் பிள்ளைகளுக்கு ஈரியா சமிதியை விளக்கினோம். ஐந்து சமிதிகளுள் முதலாவது இது. நடப்பவர் தமக்கு முன்னே நான்கு முழ அளவு நிலத்தைப் பார்த்து, எறும்பும் புழுவும் பசும்புல்லும் மிதிபடாமல் அடிவைத்தல் வேண்டும். “வேடிக்கை பார்க்கவே முடியாதா?” என்று ஒரு சிறுமி வருந்தினாள். தரையைப் பார்த்து நடப்பவர் எதையும் காண்பதில்லை என்று எண்ணுதல் பிழை என்று கூறி, நம் பகுதியிலேயே நிகழ்ந்த ஒன்றை அவளுக்கு எடுத்துரைத்தோம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார், தாம்பரத்திற்கு அண்மையில் உள்ள பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மாந்தர் செதுக்கிய கருவி என்பதை உணர்ந்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆய்வுக்கே அக்கண்டுபிடிப்பு தொடக்கமாயிற்று. பலரும் கடந்து சென்ற தரையை அவர் ஒருவர் உற்று நோக்கினார், அவ்வளவே.

இதனை நாம் சொன்னது கதைக்காகத்தான். மறுநாளே அது மெய்ப்படும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

கல்லில் கண்ட கோடுகள்

இரண்டாம் நாள் முற்பகலில், படப்பையைக் கடந்து சாலையினின்று சற்று உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் இளைப்பாறினோம். மாதாஜி மரநிழலில் அமர்ந்து சாமாயிகத்தில் ஆழ்ந்தார். பிள்ளைகள் ஊர்க்கோயிலின் முன்மண்டபத்தில் அமர்ந்தனர். முன்னாள் எல்லாம் தரையை நோக்கி நடந்து பழகிய கண்கள் அங்கும் தரையையே நோக்கின. “இங்கே யாரோ கோலம் செதுக்கியிருக்கிறார்கள்” என்று அச்சிறுமி கூவி அழைத்தாள்.

சென்று கண்டோம். பலகைக் கல்லொன்றில் ஒரு முழ நீளத்திற்குக் கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தன. தலைப்பில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரிகின்றன. குறுக்கே மூன்று கோடுகள். பலர் கை பட்டுப் பட்டு அக்கோடுகள் வழுவழுப்பாகியிருந்தன. அது கோலமன்று என்பது மட்டும் நமக்கு விளங்கியது. வேறெதுவும் விளங்கவில்லை. பல்லாங்குழியும் தாயமும் வீட்டுக்குள் ஆடி வளர்ந்தவர் நாம். மேய்ச்சல் நிலத்திலும் கோயில் திண்ணையிலும் ஆண்மக்கள் ஆடிய ஆட்டங்களின் பெயரைக் கேட்டதுண்டு. அருகில் நின்று கண்டதில்லை.

மண்டபத்தின் ஓரத்தில் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். நம் தயக்கத்தைக் கண்டு நகைத்து, “என்ன டீச்சரம்மா, இதுகூடத் தெரியலையா? ஆடு புலி ஆட்டம். எங்க அண்ணன்மாருங்க ஆடு ஓட்டிக்கிட்டு வந்தா மத்தியானம் பூரா இங்கதான் கிடப்பாங்க” என்றார். பின்னர்ப் பிள்ளைகளை அருகழைத்து, “வா ராசா, வா கண்ணு, சொல்லித் தரேன்” என்று அமர்ந்துவிட்டார். பிள்ளைகளும் “பாட்டி, பாட்டி” என்று சூழ்ந்துகொண்டனர்.

ஆடும் முறை

வீட்டில் ஆட விரும்புவோர்க்காக, அவர் கற்பித்தவாறே முறையைத் தருகிறோம்.

முதலில் கட்டம். ஓர் உச்சிப்புள்ளியிலிருந்து நான்கு கோடுகளைக் கீழே விரித்து இழுக்க வேண்டும். அவற்றின் நான்கு அடிமுனைகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் முக்கோணம் அமையும். இனி, உச்சிக்கும் அடிக்கும் இடையே மூன்று குறுக்குக் கோடுகள். அவை முக்கோணத்தின் இருபுறமும் சற்று வெளியே நீண்டிருத்தல் வேண்டும். நீண்ட முனைகளை இடப்புறம் ஒரு நெடுக்குக் கோட்டாலும் வலப்புறம் ஒரு நெடுக்குக் கோட்டாலும் சேர்த்துவிட வேண்டும். கோடுகள் கூடும் இடங்களே காய் வைக்கும் புள்ளிகள். எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஆறாக 18, அடியில் 4, ஆக 23.

ஆடுவோர் இருவர். ஒருவர்க்குப் புலிகள் 3. மற்றவர்க்கு ஆடுகள் 15. புலிகளை உச்சியிலும் அதற்கு அடுத்த கோட்டின் நடு இரண்டு புள்ளிகளிலும் வைப்பர். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் வெற்றிடம் ஒன்றில் ஓர் ஆட்டை வைப்பார். அதன்பின் புலிக்காரர் ஏதேனும் ஒரு புலியைக் கோட்டின் வழியே அடுத்த வெற்றுப் புள்ளிக்கு நகர்த்துவார். புலிக்கு அடுத்து ஓர் ஆடும், அதே நேர்க்கோட்டில் அந்த ஆட்டிற்கு அப்பால் வெற்றிடமும் இருந்தால், புலி தாண்டிச் சென்று அவ்வாட்டை எடுத்துவிடும். பதினைந்து ஆடுகளும் வைக்கப்படும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. வைத்து முடிந்தபின் ஆடுகளும் ஒவ்வோர் அடியாக நகரலாம். ஆனால் ஆடு எக்காலத்தும் புலியைத் தாண்டாது, எடுக்காது. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. புலிகளை அடைக்க இயலாத அளவுக்கு ஆடுகள் குறைந்துவிட்டால் புலிகளுக்கு வெற்றி.

இதில் பகடை இல்லை, சோழி இல்லை, பந்தயம் இல்லை. இவ்வகை ஆட்டம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதும் அன்று. நேபாளத்தில் 25 புள்ளிகளில் 4 புலிகளையும் 20 ஆடுகளையும் வைத்து ஆடும் பாக் சால் என்னும் ஆட்டம் இன்றும் வழங்குகிறது. ஐரோப்பிய நாடுகளில் ஒரு நரியைப் பல வாத்துகள் கூடி அடைக்கும் ஆட்டம் உண்டு. வலிய சிலரை மெலிய பலர் எதிர்கொள்ளும் நிலை எந்நாட்டு மக்களும் அறிந்த ஒன்றே அல்லவா?

நாம் செய்த பிழை

பிள்ளைகள் விரைவில் தேர்ந்துவிட்டனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் புலியாகவும் அவனுடைய பெரியப்பா மகன் ஆடாகவும் ஆடினர். சற்று நேரத்தில் அச்சிறுவன், “கொன்றுவிட்டேன்! இன்னொன்றையும் கொன்றுவிட்டேன்!” என்று துள்ளிக் குதித்தான்.

உடன் வந்த மூதாட்டி ஒருவர் முகம் சுளித்தார். “விஹாரத்தில் வந்துகொண்டு கொன்றேன் கொன்றேன் என்று கூவலாமா? இது அனர்த்த தண்டம் இல்லையா?” என்றார். அவர் கூற்றில் பொருள் இருந்தது. பயனின்றிச் செய்யும் தீவினைகளை விலக்குவது இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று. அருங்கலச்செப்பு பயின்ற குடும்பங்களில் இதை அறியாதார் இல்லை. தீய எண்ணத்தை மனத்தில் ஓடவிடுதலும், கவனமின்றிப் பொழுதுபோக்குதலும் அதனுள் அடங்கும். சேவற்போரும் கடாப்போரும் காணலாகாது என்று நம் பெரியோர் விலக்கியதும் இதுபற்றியே.

நாம் உடனே சென்று, “போதும், எழுந்திருங்கள்” என்றோம். சிறுவன் தயங்கினான். நாமே குனிந்து காய்களை வாரி அப்புறப்படுத்தினோம். அவன், “டீச்சர் பாட்டி, கல்லைத்தானே எடுத்தேன்? விளையாட்டில் கொன்றாலும் பாவமா?” என்று கேட்டான். நாம் யசோதர காவியத்தை அவனுக்கு நினைவூட்டினோம். யசோதரன் உயிருள்ள சேவலைப் பலியிட மறுத்தவன். எனினும் தாயின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த சேவலை வெட்டினான். அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் விலங்குகளாகப் பல பிறவி எடுத்துத் துன்புற்றனர். “மாவுக்கோழிக்கே அக்கதி என்றால்?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தோம். சிறுவன் அதன்பின் பேசவில்லை. மாலை வரை எவரோடும் பேசாமல், தலை குனிந்தே நடந்தான். அது ஈரியா சமிதி அன்று என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

மாதாஜியின் வினா

மாலையில் தங்கிய இடத்தில் மாதாஜியிடம் நடந்ததைக் கூறினோம். நாம் சரியாகவே செய்தோம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் கேட்டது இது: “அவன் கையில் இருந்தது கல். மனத்தில் இருந்தது என்ன என்று கேட்டீர்களா?”

நாம் கேட்கவில்லை. ஆசிரியப் பயிற்சியில், மாணவனின் பிழையைத் திருத்துமுன் அப்பிழை எதனால் எழுந்தது என்று அறிக என நமக்குக் கற்பித்தனர். அதனையே பின்னர்ப் பல ஆண்டுகள் இளம் ஆசிரியர்க்கு நாம் எடுத்துரைத்தோம். ஆயினும் நாம் கேட்கவில்லை.

அன்றிரவே அவனை அழைத்துக் கேட்டோம். “அண்ணன் எப்போதும் என்னை எல்லாவற்றிலும் ஜெயிப்பான், பாட்டி. இன்றைக்குத்தான் முதல் தடவை நான் ஜெயிக்கப் போனேன்” என்றான். அவ்வளவே. ஆடும் இல்லை, கொலையும் இல்லை. தமையனுக்கு நிகராக ஒருமுறையேனும் நிற்க வேண்டும் என்னும் ஏக்கமே அவன் மனத்தில் இருந்தது. நாம் அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். எழுபதைக் கடந்தவர் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் வருத்தம் தெரிவிப்பது குறையாகாது. “உத்தம க்ஷமா” என்று ஆண்டுக்கு ஒருமுறை பர்யூஷணத்தில் சொல்லிக்கொள்வது இதற்கன்றி வேறெதற்கு?

அறநூல் நோக்கில்

மறுநாட் காலை மாதாஜி சுருங்க விளக்கியதை நாம் உணர்ந்த அளவில் விரித்து எழுதுகிறோம்.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிருக்கு ஊறு நேர்தலை மட்டும் சொல்லவில்லை. அசாவதானமும் கஷாயமும் கலந்த செயலால் அவ்வூறு நேர்தலைச் சொல்கிறது. ஆகவே செயலோடு மனநிலையையும் நோக்குதல் வேண்டும். யசோதரன் மாவுச்சேவலை விளையாட்டாக வெட்டவில்லை. தீமை நீங்கி நலம் பெற வேண்டும் என்னும் பயன் கருதி, ஓர் உயிருக்கு ஈடாக அதனைக் கருதி, பலியாகவே கொடுத்தான். கொலையின் சங்கற்பம் முழுமையாக இருந்தது. உயிர் ஒன்றே இல்லை. சிறுவனிடத்தில் அச்சங்கற்பம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிய நாம் காவியத்தைத் தவறாகப் பயன்படுத்திவிட்டோம்.

அதற்காக மூதாட்டியார் கூறியதைத் தள்ளிவிடவும் கூடாது. இன்று இல்லாத எண்ணம் நாளை விளையலாம். “கொன்றேன்” என்று நாள்தோறும் கூவும் நாவுக்கு அச்சொல் எளிதாகிவிடும். வாக்கையும் காத்தல் வேண்டும் என்றே பாஷா சமிதி வகுக்கப்பட்டது. ஆதலால் நாம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம்: ஆட்டத்தில் “எடுத்தேன்” என்று சொல்லுதல், ஓர் ஆடு எடுக்கப்பட்டால், அதனைத் தனித்து விட்டது யார் என்று ஆட்டுக்காரர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல். இது போதுமா என்று அம்மூதாட்டியார் இன்னும் ஐயுறுகிறார். அவர் வீட்டில் இவ்வாட்டம் வேண்டாம் என்றால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

எனினும் நம் மனத்தை மாற்றியது வேறொன்று. ஆடுகள் வென்றால் புலிகளுக்கு என்ன நேர்கிறது? ஒன்றும் நேர்வதில்லை. அவை சாவதில்லை, காயமுறுவதில்லை. தீமை செய்ய வழியின்றி நிற்கின்றன, அவ்வளவே. வெல்லும் பக்கத்துக்குப் படையும் பல்லும் இல்லாத ஆட்டம் இது. சதுரங்கத்தில் இருபுறமும் வெட்டுகின்றன. இங்கோ ஆடு இறுதிவரை ஆடாகவே இருந்து வெல்கிறது.

எவ்வாறு வெல்கிறது என்பதையும் அன்றிரவு காகிதத்தில் வரைந்து ஆராய்ந்தோம். ஒரு புள்ளி ஏதேனும் ஒரு கோட்டின் நடுவில் இருந்தால்தான் அங்குள்ள ஆட்டைப் புலி தாண்ட முடியும். தன்னைத் தொடும் எல்லாக் கோடுகளுக்கும் முனையாகவே அமைந்த புள்ளிகளில் ஆட்டிற்கு அச்சமில்லை. 23 புள்ளிகளுள் அத்தகையவை 7: உச்சி ஒன்று, அடிக்கோட்டின் இரு கோடிகள், இருபுற நெடுக்குக் கோடுகளின் நான்கு முனைகள். உச்சியில் தொடக்கத்தில் புலி இருப்பதால் ஆட்டுக்காரர்க்கு எஞ்சுவன 6. அவற்றில் முதலில் ஆடுகளை வைத்து, அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கி நெருங்கினால் புலிக்குத் தாண்ட இடம் கிடைப்பது அரிது. ஆட்டின் பின்னால் ஆடு நிற்குமானால் முன்னிற்பது தப்பும். பதினைந்தும் இழப்பின்றி நின்றால் 18 புள்ளிகள் நிரம்பி 5 மட்டுமே வெறுமையாகும்.

அவசரப்பட்டு நடுவில் பாயும் ஆடு எடுக்கப்படுகிறது. பொறுத்து, துணையோடு, ஓரம் பற்றி நிற்கும் ஆடு பிழைக்கிறது. சிறுபான்மையினராய் ஊருக்குச் சில குடும்பமாய்ப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, ஆயுதம் எடாமலே தம் அறத்தைக் காத்துவந்த தமிழ்ச் சமணர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பரமபதமும் இவ்வாட்டமும்

நம் சமயத்தார்க்கு விளையாட்டின்வழி அறம் கற்பித்தல் புதிதன்று. பரமபதப் படத்தை ஒத்த ஞான சௌபர் என்னும் ஆட்டம் வடநாட்டுச் சமணரிடையே வழங்கியது. 84 கட்டங்கள் கொண்ட அதில், ஏணிகள் நல்வினையால் உயர்த்தும், பாம்புகள் தீவினையால் தாழ்த்தும், உச்சியில் சித்தலோகம். இவ்வகை ஆட்டமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்று சிறார் ஆட்டமாயிற்று. ஆனால் அங்கு ஏற்றமும் இறக்கமும் எறியும் காயைப் பொறுத்தவை. ஆடு புலி ஆட்டத்தில் ஒவ்வோர் அடியும் ஆடுவோனின் சொந்த முயற்சி. முன்னது வினைப்பயனைக் காட்டும். பின்னது புருஷார்த்தத்தைப் பழக்கும். பிள்ளைகட்கு இரண்டும் வேண்டும். பந்தயம் மட்டும் எதிலும் புகலாகாது. ஏழு விசனங்களுள் சூதே முதலில் எண்ணப்படுவது.

பாடசாலைக்கும் இல்லத்திற்கும்

விடுமுறை நாட்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்வாட்டத்தைக் கொண்டு சமிதிகளைக் கற்பிக்கலாம். கட்டம் வரையுமுன் அவ்விடத்தில் எறும்பு ஊர்கிறதா எனப் பார்த்து மெல்லப் பெருக்குக. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை வைப்பது ஊர்வழக்கு. முளைக்கும் ஆற்றலுள்ள விதையைச் சசித்தம் என்று விலக்குவோர் ஓட்டாஞ்சில்லுகளையோ கூழாங்கற்களையோ கொள்க. காயைப் பார்த்து எடுத்துப் பார்த்து வைப்பதே ஆதான நிக்ஷேபண சமிதிக்கு நல்ல பயிற்சி. ஒருமுறை புலியாக ஆடியவர் மறுமுறை ஆடாக ஆடுதல் கட்டாயம். எடுத்தவன் மகிழ்ச்சியும் இழந்தவன் கலக்கமும் ஒருவனே உணர்தல் வேண்டும்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். அன்று விடைபெறும்போது அம்மையார், “நல்ல நேரத்துல வந்தீங்க. கும்பாபிஷேகத்துக்கு முன்னால தரை பூரா புதுக் கல்லு பதிக்கப் போறாங்களாம். அப்புறம் இந்தக் கோடெல்லாம் அடியில போயிடும். எங்க பேரப்புள்ளைங்களுக்கே இது தெரியாது” என்றார். பிள்ளைகள் நால்வரும் தம் குறிப்பேட்டில் அக்கட்டத்தைப் படியெடுத்துக்கொண்டனர். நம் ஜினாலயங்களிலும் திருப்பணிகள் நடைபெறுகின்றன. புதுத்தளம் இடுமுன் பழைய கற்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எழுத்தோ கோடோ இருப்பின் படம் எடுத்து வையுங்கள். இயலுமாயின் அக்கல்லை மூடாமல் விடுங்கள். திருப்பருத்திக்குன்றத்து சங்கீத மண்டபத்தை இருகப்பர் எழுப்பியது 1387ஆம் ஆண்டையொட்டி என்று நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிவது, அங்குள்ள கல்வெட்டை எவரும் மூடிவிடாததனால் அன்றோ?

இப்பொழுது ஞாயிறு மாலைகளில் அச்சிறுவன் நம் இல்லத்திற்கு வந்து நமக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கிறான். நாம் பெரும்பாலும் தோற்கிறோம். ஆடுகளை விரைந்து நடுவில் வைத்துவிடுவது நம் குறை என்கிறான். “பொறுமையா வைங்க, பாட்டி” என்று நேற்றும் சொன்னான்.

சிந்தனை வினாக்கள்

1. தாண்டப்படாத புள்ளிகள் ஏழு என்றோம். கட்டம் வரைந்து, ஏழுக்கும் காரணம் காட்டுக.

2. யசோதரன் செயலுக்கும் சிறுவன் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு தொடர்களில் எழுதுக.

3. ஐந்து சமிதிகளின் பெயர்களைக் கூறி, அவற்றுள் இவ்வாட்டத்தில் பயிலக்கூடியவை எவை எனக் காட்டுக.

4. உங்கள் பாட்டி, தாத்தா சிறுவயதில் ஆடி, நீங்கள் அறியாத ஓர் ஆட்டத்தைக் கேட்டறிந்து, அதன் முறையை எழுதி வைக்க. அவர்கள் சொல்லும்போது இடைமறிக்காமல் கேட்க.

அறம் வளர்க. அருளாழி வேந்தன் திருவடி வாழ்க.